பள்ளியை நிறுக்கும் தராசு

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரே பேச்சுத்தான். "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்பதே அது. தேநீர்க் கடையிலும் லாரிப் பட்டறையிலும் திருமணப் பந்தலிலும், ஏன், ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும் நேரத்திலும்கூட இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. தேர்வு முடிவு வெளியானதும் ஊர்ச் சுவர்களிலும் பேருந்துகளின் முதுகிலும் மாணவமணிகளின் படங்கள் வரிசையாகத் தோன்றும். படத்துக்குக் கீழே மதிப்பெண். மதிப்பெண்ணுக்குக் கீழே பள்ளியின் பெயர். அவற்றைப் பார்த்து ஊரார் ஒரு பள்ளியை உயர்த்துவர், மற்றொன்றைத் தாழ்த்துவர். அத்தீர்ப்பின்மேல் மேல்முறையீடு கிடையாது.

அத்தகையதொரு கோடையில் எனக்கு உறவினரான ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், உழைப்பாளி, பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருப்பவர். மூத்தவள் பெண், ஊரிலுள்ள அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இளையவன் நகராட்சி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். நடுநிலைப் பள்ளியில் அதற்குமேல் வகுப்பில்லை. எனவே அவனை எங்கே சேர்ப்பது என்பதில்தான் ஆலோசனை.

"மாமு, இவனை விடுதியோடு கூடிய பெரிய பள்ளியில் போட்டால்தான் ஆளாவான். அரசுப் பள்ளியில் என்ன படிப்பு இருக்கிறது? வீட்டில் இருக்கிற வளையலை விற்றாவது சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

"பெண்ணை?" என்று கேட்டேன்.

"அவள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் மாமு. அங்கே நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்" என்றார்.

தேநீர் கொண்டு வந்த அந்தப் பெண் கதவோரம் நின்று, "நல்லாச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி என்றால் தம்பிக்கு மட்டும் ஏன் ஆகாது அத்தா?" என்று மெல்லக் கேட்டாள். அதில் கோபமில்லை, உண்மையிலேயே விடை வேண்டிக் கேட்டாள். அவள் தந்தை என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். அன்றிரவு எங்கள் இருவரிடமும் விடையில்லை. அவள் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

எதனை எதனோடு ஒப்பிடுகிறோம்?

அரசுப் பள்ளி என்று நாம் ஒரே சொல்லால் சுட்டினாலும் அது ஒரு பொருளன்று. ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்துவர். நகராட்சிப் பள்ளி உண்டு. அரசினர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, பெண்கள் மேல்நிலைப் பள்ளி என இரண்டு உண்டு. அரசின் உதவி பெறும் பள்ளியும் இருக்கலாம். கட்டடம் ஓர் அறக்கட்டளையுடையது, ஆசிரியர் ஊதியம் அரசுடையது. சற்றுத் தொலைவில் கொல்லிமலைமேல் ஏறினால் பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளி உண்டு. இவையெல்லாம் பொதுமக்கள் பணத்தால் நடப்பவை. ஆயினும் இவற்றில் சேரும் பிள்ளைகள் ஒரே நிலையிலிருந்து வருபவர்கள் அல்லர்.

ஊரார் கூறும் ஒப்பீடு ஒன்றைப் பாருங்கள். பெண்கள் பள்ளியில் தேர்ச்சி விழுக்காடு மிகுதி, ஆண்கள் பள்ளியில் குறைவு. ஆகவே பெண்கள் பள்ளியே சிறந்தது என்பர். ஆனால் தமிழகம் முழுவதும், ஆண்டுதோறும், எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், மாணவியரே மாணவரை விஞ்சித் தேர்ச்சி பெறுகின்றனர். அப்படியானால் அந்த வேறுபாட்டில் பள்ளி தந்தது எவ்வளவு, பிள்ளைகள் தாமே கொண்டு வந்தது எவ்வளவு? மலைப்பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறும் பிள்ளையின் பெற்றோர் கையெழுத்துப் போட அறியாதவராக இருக்கலாம். நகரப் பள்ளியில் தேறும் பிள்ளைக்கு வீட்டில் படித்த தாய் இருக்கிறாள். மாலையில் தனிப்பயிற்சி இருக்கிறது. இருவரும் ஒரே மதிப்பெண் பெற்றால் இரு பள்ளிகளும் ஒரே அளவு உழைத்தன என்று சொல்ல முடியுமா?

இதனை நாமக்கல் மக்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. லாரித் தொழிலில் பிறந்து வளர்ந்த ஊர் அது. எடை மேடையில் ஏறும் லாரி பதினாறு டன் காட்டினால், பதினாறு டன் சரக்கு என்று எந்த வணிகரும் பணம் கொடுக்க மாட்டார். காலி வண்டியை முன்னரே நிறுத்து வைத்திருப்பார்கள். மொத்த எடையில் அந்தக் காலி எடையைக் கழித்தால் எஞ்சுவதுதான் சரக்கு. நெல்லுக்கும் சிமெண்டுக்கும் காட்டும் இந்த எளிய நேர்மையைப் பள்ளிகளை எடை போடும்போது நாம் காட்டுவதில்லை. நானூறு மதிப்பெண் வாங்கிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு நானூற்றைம்பதாக்கும் பள்ளியைக் கொண்டாடுகிறோம். நூற்றைம்பதோடு வந்த பிள்ளையை முந்நூறாக்கும் பள்ளியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உண்மையில் சரக்கு ஏற்றியது எந்தப் பள்ளி?

இது வெறும் வாதமன்று. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2008 முதல் 2012 வரை 180 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடந்தது. தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்ற விரும்பிய பெற்றோரிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, அப்பிள்ளைகளின் கட்டணத்தை ஆய்வாளரே ஏற்பாடு செய்தனர். குலுக்கலில் வென்றவரும் தோற்றவரும் ஒரே வகைக் குடும்பத்தினர். ஆகவே இது காலி எடை கழித்த ஒப்பீடு. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2015-இல் அதன் முடிவை விரிவாக வெளியிட்டனர். இரண்டாண்டு கழித்தும் நான்காண்டு கழித்தும் தெலுங்கிலும் கணிதத்திலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளி மாணவர் முன்னேறியிருந்தனர்.

நேர்மையாகப் பேசுவதென்றால் அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும் அதே அளவை எட்டியிருந்தன. ஒரு பிள்ளைக்கு அவை செலவிட்ட தொகை, அரசுப் பள்ளி செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே 'அரசுப் பள்ளி தாழ்ந்தது' என்னும் ஊர்த் தீர்ப்பு தவறு என்பதோடு, 'அரசுப் பள்ளியில் குறையே இல்லை' என்னும் வாதமும் தவறு என்பதே அவ்வாய்வின் பாடம்.

ஒரு மாவட்டத்தின் கதை

1997-ஆம் ஆண்டின் முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். கோழிப் பண்ணைகளும், லாரிகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் அதன் செல்வங்கள். அவற்றோடு நான்காவதாகச் சேர்ந்தது விடுதிப் பள்ளித் தொழில். 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் மாநில முதலிடங்கள் இம்மாவட்டத்துக்கு மீண்டும் மீண்டும் வந்தன. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாயிலைத் திறக்கும் சாவியான பின் போட்டி மேலும் கூர்மையடைந்தது. தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெற்றோர் பெட்டி படுக்கையுடன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுச் சென்றனர்.

ஊர் மக்கள் இத்தகைய பள்ளிகளுக்குப் பிராய்லர் பள்ளிகள் என்று பெயரிட்டனர். ஊரின் ஒரு தொழிலைக் கொண்டே மற்றொரு தொழிலைச் சுட்டிய பெயர் அது. குறித்த நாளில் குறித்த எடை வரவேண்டும் என்பது பண்ணையின் கணக்கு. பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டும் உருவேற்றினர். இதனைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2017-இலேயே முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடும் வழக்கமும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் கீழ் வந்தது. உருவேற்றும் தொழில் புதிய தேர்வுக்கேற்ப வேடம் மாற்றிக்கொண்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என 2025-இல் அரசு அறிவித்துவிட்டது. பழைய ஆசை மீண்டும் தலைதூக்காமல் காப்பது இப்போது பெற்றோரின் மனச்சாட்சி ஒன்றுதான்.

இம்மாவட்டக் கதையில் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு ஏறக்குறைய 80 விழுக்காடு. மாநில முதலிடங்கள் குவிந்த அதே காலத்தில் நாமக்கல் மாவட்டத்தின் எழுத்தறிவு 75 விழுக்காட்டையும் எட்டவில்லை. சேலம் அதற்கும் கீழே நின்றது. உச்சியில் விளக்கு எரிந்தது. அடிவாரத்தில் இருள் அப்படியே இருந்தது. முதலிடம் பெறும் பள்ளிகளால் ஒரு மாவட்டம் கற்ற மாவட்டமாகிவிடுவதில்லை. கடைசிப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளால்தான் அது கற்ற மாவட்டமாகிறது.

பயிற்சி வேறு, கல்வி வேறு என்பதும் நாம் புதிதாகக் கண்டதன்று. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் இதற்கெனவே பக்கங்கள் ஒதுக்கினார். பாடத்தைப் படிப்படியாக, மாணவனின் கொள்திறனுக்கேற்பப் புகட்ட வேண்டும் என்றார். மாணவரிடம் கடுமை காட்டினால் அவர்தம் ஊக்கம் குன்றும், பொய்யும் வஞ்சகமும் பழக்கமாகும் என்றும் எச்சரித்தார். விடியற்காலை நான்கு மணிக்கு மணியடித்து எழுப்பி, இரவு பதினோரு மணிவரை பாடத்தை உருப்போடச் செய்யும் விடுதிகளைக் காணாமலே அவர் எழுதியது அது.

உருப்போட்ட கல்வியின் விளைவை உலகத் தராசிலும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம். பதினைந்து வயது மாணவரின் படித்தறியும் திறனையும் கணித, அறிவியல் அறிவையும் அளக்கும் பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வில், 2009-ஆம் ஆண்டுச் சுற்றையொட்டித் தமிழகமும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. பங்கேற்ற எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களுள் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்து வந்த முடிவு அது. நம் சுவரொட்டிகள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அமானிதமும் பொதுக்கடனும்

இதுவரை சொன்னது அளவையைப் பற்றியது. இனிமேல்தான் அறத்தின் கேள்வி வருகிறது.

ஒரு தந்தை இவ்வாறு கேட்கலாம்: "எல்லாம் சரி ஐயா; பொதுப் பள்ளி வாழ வேண்டும் என்பதற்காக என் பிள்ளையை நான் பலியிட முடியுமா? அவன் எனக்கு அமானிதமாகத் தரப்பட்டவன். எந்தப் பள்ளியில் அவனுக்கு நன்மை என்று எனக்குத் தோன்றுகிறதோ அங்கே சேர்ப்பது என் கடமையல்லவா?" இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளை நம் கொள்கையைப் பறைசாற்றும் கொடியன்று. ஆசிரியரில்லாத வகுப்பில் அவனை உட்கார வைத்துவிட்டு, 'சமத்துவத்துக்காகச் செய்தேன்' என்று பெருமை பேசும் தந்தையை எவரும் மெச்ச மாட்டார்.

மறுபக்கத்தில் நின்று வேறொருவர் கேட்கலாம்: "கேள்வி கேட்கத் தெரிந்தவர்களெல்லாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டால், எஞ்சியவர்களுக்காக யார் கேள்வி கேட்பது?" இதுவும் உண்மையே. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் மருத்துவர் மகனும் வண்டிக்காரர் மகனும் ஒரே நகராட்சிப் பள்ளியில், ஒரே பலகையில் அமர்ந்து படித்தனர். பள்ளிக் கூரை ஒழுகினால் மருத்துவர் நகரமன்றத் தலைவரிடம் சொல்வார், கூரை செப்பனிடப்படும். நனையாமல் இருந்தவர் இருவர் பிள்ளைகளுமே. 1970-களின் இறுதியில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் மாநில வாரியத்தின் கீழ் வந்து, பின்னர் ஊர்தோறும் பெருகின. மருத்துவர் மகன் அங்கே சென்றான். வணிகர் மகன் பின்தொடர்ந்தான். ஆசிரியர் தம் மகனையும் அங்கேயே சேர்த்தார். கூரை ஒழுகுவது நிற்கவில்லை. ஆனால் சொல்வதற்கு ஆளில்லை.

இந்த நிலையை அஞ்சியே 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, அருகமைப் பள்ளியில் எல்லோர் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. நாடு அதனை ஏட்டில் ஏற்றுக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசிடம் ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடே ஒரு வாரம் பேசியது. தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. பின்லாந்து நாடோ 1972-இல் தொடங்கி 1977-க்குள் நாடு முழுவதும் பொதுப்பள்ளி முறையைப் பரப்பியது. சட்டத்தால் ஆகக்கூடியதுதான் என்பதற்கு அது சான்று. ஆனால் சட்டம் வரும்வரை ஒரு தனிமனிதன் என்ன செய்வது?

இவ்விரு கேள்விகளுக்கும் இடையே வழி காண, நம் மார்க்க அறிஞர்கள் வகுத்துத் தந்த ஒரு பாகுபாடே எனக்குத் துணை நின்றது. கடமைகளுள் ஒவ்வொரு தனிமனிதர் மீதும் தனித்தனியே விழுவன உண்டு. அவை பர்ளு ஐன். சமுதாயம் முழுவதன் மீதும் ஒருங்கே விழுவன உண்டு. அவை பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகையைப் போல, சிலர் நிறைவேற்றினால் எல்லோரும் விடுபடுவர். எவருமே நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். தன் பிள்ளைக்குக் கல்வி தருவது முதல் வகையைச் சேர்ந்த கடன். ஊரில் ஏழை எளியவர் பிள்ளைகளும் கற்பதற்கு ஒரு நல்ல பள்ளி இருக்கச் செய்வது இரண்டாம் வகையைச் சேர்ந்த கடன். தன் பிள்ளைக்குத் தகுந்த பள்ளி தேடுவதால் முதற்கடன் தீரும். இரண்டாம் கடன் தீராது. கட்டணம் கட்டிய ரசீது பொதுக்கடனுக்கான ரசீது ஆகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இப்பொதுக்கடனைப் பற்றிப் பேசும்போது தம் காலத்தவர்மீது ஒரு குறை கூறுகிறார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை. ஆயினும் மக்கள் சட்டக்கலை பயிலவே முண்டியடிக்கின்றனர். ஏனெனில் பதவியும் செல்வாக்கும் அங்கேதான் உள்ளன என்பது அக்குறை. இன்று நிலைமை தலைகீழ். எல்லோரும் மருத்துவத்துக்கே முண்டியடிக்கிறோம். கிராமப் பள்ளிக்கு ஆசிரியராகச் செல்ல நம் வீட்டில் ஒரு பிள்ளையும் விரும்புவதில்லை. துறை மாறியிருக்கிறது, காரணம் மாறவில்லை.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புப்பணம் செலுத்த இயலாதவர், மதீனாவின் சிறுவர் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை நாம் மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கல்விக்கு இஸ்லாம் தரும் சிறப்புக்குச் சான்றாகவே அதைச் சொல்கிறோம். அதில் மற்றொரு நுட்பமும் உண்டு. வரவேண்டிய பொருளை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகக் கல்வி பெறப்பட்டது. பெற்றவர்கள் ஊர்ப் பிள்ளைகள். பொதுவில் சேரவேண்டிய செல்வம் பொதுப்பிள்ளைகளின் கல்வியாக மாறியது. அரசுப் பள்ளி என்பதன் கருத்து இதைவிட வேறென்ன?

நம் வீட்டிலுள்ள இரண்டு தராசுகள்

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம்.

அவள் தந்தை அரசுப் பள்ளி தரம் குறைந்தது என்று உண்மையிலேயே நம்பினாரா? நம்பியிருந்தால் மகளை அங்கே விட மனம் வந்திருக்காது. நல்ல பள்ளி என்று நம்பினாரா? நம்பியிருந்தால் மகனுக்காக வளையலை விற்க முற்பட்டிருக்க மாட்டார். இரண்டுமில்லை; அவர் பள்ளிகளை ஒப்பிடவே இல்லை. பிள்ளைகளை ஒப்பிட்டிருந்தார். யாருக்குச் செலவு செய்யலாம், யாருக்குச் செலவு வேண்டாம் என்பதை முன்னரே தீர்மானித்துவிட்டு, அத்தீர்மானத்துக்குப் பள்ளிகளின் தரத்தைச் சாட்சியாக அழைத்தார். இது அவர் ஒருவரின் குற்றமன்று. மகன் சீருடையும் காலணியுமாய் வேனில் ஏறுவதும், மகள் இலவச மிதிவண்டியில் அரசுப் பள்ளி செல்வதும் எத்தனை வீடுகளில் காணும் காட்சி!

அளந்து வாங்கும்போது நிறையவும், அளந்து கொடுக்கும்போது குறையவும் செய்வோரைத் திருமறை மிகக் கடுமையாக எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கை கடைத்தெருவுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட்டோம். ஒரு தோழர் தம் பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் நன்கொடை வழங்கி அதற்குச் சாட்சியாக இருக்கக் கோரியபோது, பிள்ளைகள் எல்லோருக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லையென்றதும் சாட்சியாயிருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த வரலாறு நாம் அறிந்ததே. நம் வீட்டுக் கட்டண ரசீதுகளை முன்வைத்து அத்தகைய சாட்சியைக் கோரும் துணிவு நம்முள் எத்தனை பேருக்கு உண்டு?

சமுதாயம் என்ற அளவிலும் இதே இரட்டைத் தராசு நம்மிடம் உண்டு. தமிழக முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியவர் அல்லர் என்று 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. மாநிலச் சராசரி 73 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருக்க, முஸ்லிம்களின் எழுத்தறிவு ஏறக்குறைய 83 விழுக்காடாக இருந்தது. வாணியம்பாடியில் 1919-லும் திருச்சியில் 1951-லும் கல்லூரி எழுப்பிய பெருமக்களின் தொலைநோக்கு அதற்கு ஒரு காரணம். மதிய உணவுத் திட்டத்தை 1950-களில் காமராசரும், சத்துணவுத் திட்டத்தை 1982-இல் எம்.ஜி.ஆரும் கொண்டுவந்ததும், 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியதும், நம் வீட்டு ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்தே பள்ளிக்கு இழுத்தன. அரசுப் பொதுப்பள்ளியால் ஏறி வந்தவர்கள் நாம். மேலே வந்தபின் ஏணியை இகழ்கிறோம்.

செய்யக்கூடியது என்ன?

குறையைக் காணாமல் இருப்பது நேர்மையன்று; குறையைக் கண்டதும் ஓடுவது தீர்வன்று. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் புத்துயிர் பெற்றன. நம் மஹல்லாவில் எத்தனை பெற்றோர் அக்கூட்டங்களுக்குச் செல்கின்றனர்? 1950-களின் இறுதியில் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நாற்காலியும் கரும்பலகையும் நிலமுமாக அள்ளிக் கொடுத்தனர். சாதி மதம் பாராமல் கொடுத்த கைகள் அவை. ஸதகாவுக்கும் வக்பிற்கும் பெயர்பெற்ற சமுதாயத்துக்கு அவ்வழி புதிதன்று.

பள்ளியை ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக ஒப்பிடுங்கள் என்கிறேன். சுவரொட்டியைப் பார்க்காமல் பள்ளிக்குள்ளே சென்று பாருங்கள். கடைசிப் பலகையில் யார் அமர்ந்திருக்கிறார். அவருக்கு யார் சொல்லித் தருகிறார்? பாடநூலில் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் பிள்ளை படித்துப் பொருள் சொல்கிறதா? நூலகப் பூட்டில் துரு ஏறியிருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை வைத்துக்கொள்கிறார்களா, சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களா? இக்கேள்விகளை அரசுப் பள்ளியிலும் கேளுங்கள். தனியார் பள்ளியிலும் கேளுங்கள். நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் பள்ளியிலும் தயங்காமல் கேளுங்கள்.

என் உறவினர் இவ்வாறே கேட்டார். நானும் உடன் சென்றேன். விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் முதலில் கேட்டது மகனின் மதிப்பெண்ணை. குறைவென்றால் இடமில்லை என்றனர். ஊரிலுள்ள உதவி பெறும் பள்ளியில் அவன் பெயரைக் கேட்டனர். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவு. அங்கேயே சேர்த்துவிட்டார்.

மகளின் பள்ளியில் வேறொரு உண்மை தெரிந்தது. பதினோராம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சியிருக்கிறாள். பட்டறையை அரைநாள் மூடிவிட்டு, வேறு நான்கு பெற்றோருடன் அவர் கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். மூவர் மாற்றுச் சமயத்தினர். ஒருவர் கூலி வேலை செய்யும் தாய். காலாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்தார். நிலையான ஆசிரியர் இன்னும் வரவில்லை. அவர்கள் நடையும் நிற்கவில்லை.

வளையல் விற்கப்படவில்லை. "அது இருக்கட்டும், நீ கல்லூரிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் மகளிடம் சொன்னதாக அவர் துணைவியார் என்னிடம் கூறினார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அவர் சொல்லால் விடையளிக்கவில்லை. தராசை நேராகப் பிடித்தார். அது போதும் என்று எனக்குத் தோன்றிற்று.